முதல் வார இறுதிக்கே ஊட்டி வேண்டாம், அம்மிணி

ஈப்போவிலிருந்து ஒரு பருவம் படிப்பதற்காகக் கோவை வந்திருக்கும் மலேசிய மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: வந்து மூன்று வாரம் ஆகிறது, இந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓய்வு, ஊர் பார்க்க வேண்டும், இந்த ஊருக்கே உரிய சாப்பாடு வேண்டும், பூப்பந்து ஆடவும் ஓர் இடம் வேண்டும், விடுதித் தோழிகள் எல்லோரும் ஊட்டி என்கிறார்கள், போகலாமா?

போகலாம், ஆனால் இந்த வாரம் வேண்டாம். ஊட்டி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த ஐந்து மணி நேரமும் அழகுதான். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வி ஏறும் சத்தத்தைக் கேட்பதற்காகவே போகலாம். ஆனால் டிக்கெட்டை நெடுநாள் முன்பே எடுத்திருக்க வேண்டும். அது கிடைக்காமல் வாடகை வண்டியில் போனால் இ-பாஸ் வாங்கிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் மற்ற வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்தபடி சனிக்கிழமையைத் தொலைப்பீர்கள். மேலே போனால் குளிரும் தேயிலையும். கேமரன் மலையைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அது புதிதல்ல. நீங்கள் பார்க்காதது கீழே இருக்கிறது. மழை குறைந்த ஒரு நாடு கிணற்றை நம்பி எப்படி எழுந்து நின்றது என்பதைத்தான் இந்த இரண்டு நாளில் உங்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். நீங்கள் கேட்ட ஊர், சாப்பாடு, விளையாட்டு மூன்றும் அந்தக் கிணற்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

சனிக்கிழமை காலையில் பேரூர். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. வெயில் ஏறும் முன்பே போய்விடுங்கள். நொய்யல் கரையில் பட்டீசுவரர் கோயில். சாமி கும்பிட்ட பிறகு கனகசபை மண்டபத்தில் குறைந்தது அரை மணி நேரம் நில்லுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் காலத்தில் செதுக்கிய தூண்கள் அவை. யானையை உரித்துத் தோலைப் போர்த்தி நிற்கும் சிவனை முதலில் பாருங்கள். யானையின் தோல் விரிந்து பின்னால் ஒரு திரைபோல நிற்கும், அதன் விளிம்பில் கால் நகங்கள் தெரியும். வீரபத்திரரின் கை நரம்புகளைப் பாருங்கள். பிறகு தலையைத் தூக்கிக் கூரையில் தொங்கும் கற்சங்கிலியைப் பாருங்கள். வளையத்துக்குள் வளையமாகக் கல்லிலேயே குடைந்தது.

இந்தக் கோயிலின் கதைகளில் எனக்குப் பிடித்தது நாற்று நடவுக் கதை. சுந்தரர் பொருள் கேட்டு வருகிறார் என்று தெரிந்ததும், கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாத சிவனும் அம்மனும் வேளாண் கூலிகளாக உருமாறி வயலில் இறங்கி நாற்று நட்டார்களாம். இன்றும் ஆனி மாதத்தில் நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. சாமியையே சேற்றில் இறக்கி வேலை வாங்கிய ஊர் இது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே நொய்யல் படித்துறை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே ஓடி, கொடுமுடிக்குக் கீழே காவிரியில் கலக்கும் ஆறு. நீங்கள் போகும் நாளில் தண்ணீர் இருக்கலாம், வெறும் மணலும் இருக்கலாம். திருப்பூருக்குக் கீழே சாயக் கழிவால் இந்த ஆறு பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கிக் கிடந்த கொடுமையை இந்தத் தலைமுறை கண்ணால் பார்த்தது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. அதையும் தெரிந்துகொண்டு படித்துறையில் உட்காருங்கள்.

இப்போது பசிக்கும். காலைச் சாப்பாட்டுக்கு எங்கே சந்தவை கிடைக்கும் என்று விசாரியுங்கள். சந்தகை என்றும் சொல்வார்கள். உங்கள் ஊரில் புட்டு மாயாம் என்று விற்பது எங்கள் கணக்கில் இடியாப்பம். அதில் மாவைப் பிழிந்துவிட்டுப் பிறகு வேகவைப்பார்கள். சந்தவைக்கு முறை தலைகீழ். புழுங்கலரிசியை ஊறவைத்து நைசாக ஆட்டி, இட்லிபோல முதலில் வேகவைத்து, அந்தச் சூட்டோடு அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் இறங்காது. என் அம்மிச்சி வீட்டில் சந்தவை என்றால் அன்று காலை யாருக்கும் வேறு வேலை கிடையாது. ஒருவர் இட்லிச் சட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்க, ஒருவர் தட்டைப் பிடிக்க, அப்பச்சி அச்சின் மேல் முழு எடையையும் போட்டு அழுத்துவார். நெற்றியில் வேர்வை வழிய, வெள்ளை நூல் நூலாக இறங்கும். முதல் தட்டுக்குத் தேங்காய்ப் பாலும் வெல்லமும், இரண்டாவது தட்டுக்கு எலுமிச்சை தாளித்தது. அம்மாவின் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவின் அம்மாவை அம்மிச்சி என்றும் கூப்பிடுவது கொங்கு வழக்கம். உங்கள் தோழிகளிடம் கேட்டுப் பாருங்கள், அந்தச் சொல்லைச் சொல்லும்போதே முகம் மலரும்.

சந்தவை கிடைக்காவிட்டால் குறையொன்றும் இல்லை. 1968இல் தொடங்கிய அன்னபூர்ணாவில் சாம்பாரில் மூழ்கிய இட்லியைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகருங்கள்.

அடுத்த இடம் அவினாசி சாலையில் ஜி.டி.நாயுடு அருங்காட்சியகம். திறந்திருக்கும் நேரத்தை முந்தின நாளே கேட்டுவிடுங்கள். நாயுடு 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டல் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கினார். வாங்கி ஓட்டினாரா? முதலில் கழற்றினார். அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து மறுபடியும் மாட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை விட்டவர், பிறகு அதைப் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்த்தார். 1937இல் இந்தியாவிலேயே முதல் மின்மோட்டார் கோவையில் உருவானபோது, பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்த்து இவர் பெயரையும்தான் சொல்கிறோம். அதே வளாகத்தில் பழைய கார்களுக்கென்று தனி அருங்காட்சியகமும் இருக்கிறது. கார் பிடிக்காதவர்களும் அங்கே ஒரு மணி நேரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் அந்த மோட்டார் இங்கே பிறந்தது? இங்கேதான் கிணற்றுக்கு வருகிறேன். மேற்கு மலை மழையைத் தடுத்துவிடுவதால் ஈப்போவில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட இங்கே பெய்வதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டும் வரும். ஆகவே எங்கள் மக்கள் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினார்கள். கிணற்று நீர் பாயும் நிலத்துக்குத் தோட்டம் என்று பெயர், வானம் பார்த்த நிலத்துக்குக் காடு என்று பெயர். ‘எங்கள் காட்டுக்குப் போகலாம்’ என்று ஒரு தோழி அழைத்தால் புலி வருமோ என்று பயப்படாதீர்கள், சோளக் கொல்லைக்குத்தான் கூப்பிடுகிறாள். கிணற்றிலிருந்து நீரை மேலேற்றக் கவலை ஓட்டினார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, வடத்தில் கட்டிய சால் தண்ணீரோடு மேலே வரும். பிறகு மாடுகள் பின்பக்கமாகவே நடந்து மேடேற வேண்டும். பகல் முழுவதும் இதே வேலை. அதற்கு ஈடு கொடுத்தது காங்கயம் மாடு. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின, கிணற்று மேட்டில் மாடு நின்ற இடத்தில் மோட்டார் வந்து உட்கார்ந்தது. மோட்டாருக்கு வார்ப்பு வேண்டும், பவுண்டரிகள் வந்தன. பவுண்டரியும் லேத்தும் இருக்கும் ஊரில் மாவாட்டும் கல்லுக்கும் மோட்டார் மாட்டலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது, வெட் கிரைண்டர் பிறந்தது. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. உங்கள் காலை இட்லிக்கும் மோட்டாருக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு. நான் பம்ப்செட் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்தவன். கவலை ஓடியதைப் பார்க்கும் வயது எனக்கு இல்லை. ஆனால் அப்பச்சியின் கிணற்று மேட்டில் கவலைக்கு நட்ட கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன, அவற்றுக்கு நடுவில்தான் எங்கள் மோட்டார் ரூம்.

விளையாட்டும் இதே வழியில் வந்ததுதான். எஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஊர் அதை வேகமாக ஓட்டிப் பார்க்காமல் இருக்குமா? கரிவர்தன் என்ற கோவைக்காரர் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அதனால் அதிகப் பணம் இல்லாத இளைஞர்களுக்கும் பந்தயக் களம் திறந்தது. 1995இல் வானூர்தி விபத்தில் அவர் இறந்தார். அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் திறக்கப்பட்டது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், அவரும் கோவைதான். செப்பாங் களம் உள்ள நாட்டிலிருந்து வந்த உங்களுக்கு இந்தக் களம் சிறியதாகத் தெரியும், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். ஆனால் தேசியப் போட்டி நடக்கும் வார இறுதியாக அமைந்தால் சனிக்கிழமை பிற்பகலை அங்கேயே கொடுத்துவிடுங்கள். வேலிக்கு அருகில் நின்றால் வளைவில் பிரேக் பிடிக்கும் வாடை மூக்கில் ஏறும். போட்டி இல்லாத வாரத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

அப்போது உங்கள் பூப்பந்துக்கு வரலாம். இதில் ஒரு சொல் குழப்பம் இருக்கிறது, முன்பே சொல்லிவிடுகிறேன். மலேசியத் தமிழில் நீங்கள் பூப்பந்து என்பது இறகு வைத்த பந்தை மட்டையால் அடிக்கும் ஆட்டம். இங்கே அதற்கு இறகுப்பந்து என்று பெயர், பேச்சில் ஷட்டில். ‘பூப்பந்து ஆட இடம் இருக்கிறதா’ என்று இங்கே கேட்டால், கையில் மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தைக் கொடுப்பார்கள். அது வேறு ஆட்டம். பக்கத்துக்கு ஐந்து பேர், திறந்தவெளிக் களம், பந்து தரையைத் தொடும் முன் திருப்பி அடிக்க வேண்டும். ஷட்டில் ஆட வேண்டுமானால் நகரில் எங்கும் உள்ளரங்கக் களங்கள் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன, சனிக்கிழமை மாலைக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் என் பேச்சைக் கேட்பதென்றால், உங்கள் கல்லூரியில் பூப்பந்து அணி இருக்கிறதா என்று விசாரித்து ஒரு நாள் அதிகாலையில் அவர்களோடு இறங்குங்கள். உங்கள் மணிக்கட்டு ஏற்கெனவே பழகியது. பந்து மட்டும் இறகைப் போல நடுவானில் நின்று இறங்காது, சுழன்று வந்து காலடியில் விழும். ஆனி, ஆடியில் காற்று அடிக்கும்போது ஆட முடியாது, கம்பளிப் பந்தைக் காற்று தன் இஷ்டத்துக்குத் தூக்கிப் போகும்.

சனிக்கிழமை இரவுக்கு ரோட்டோரக் காளான். பெயர் காளான்தான், முட்டைக்கோஸும் பாதி இருக்கும். பொரித்ததைக் கல்லில் போட்டுக் கொத்தி, குழம்பாகக் கிளறி, வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். கூட்டம் உள்ள வண்டியாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள். வெளியூரில் ஓட்டலில் தங்கினால் வெளிநாட்டவருக்கான பதிவுப் படிவம், பாஸ்போர்ட் நகல், விசா நகல் என்று நேரம் போகும். இந்தத் திட்டத்தில் இரண்டு இரவும் உங்கள் கட்டிலில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காங்கயம். தனியாகப் போகாமல் ஒரு தோழியை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் கரூர், திருச்சி பஸ் ஏறினால் பல்லடம் வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். முதலில் சிவன்மலை. காங்கயத்துக்குப் பக்கத்துக் குன்றின் மேல் முருகன் கோயில். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் கோயிலில் வந்து சொன்னால், பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு ஆனால் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். மண், தண்ணீர், நெல், எதுவாகவும் இருக்கலாம். அடுத்த கனவு வரும்வரை அதுவே இருக்கும். நீங்கள் போகும் நாளில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் அதற்கு என்ன பொருள் என்று கேளுங்கள். ‘ஏனுங்க அம்மிணி’ என்று தொடங்கி விளக்கம் தருவார். குழந்தையிடமும் மரியாதையோடு பேசும் ஊர். அந்தப் பேச்சைக் காதாரக் கேட்பதே தனி இன்பம்.

மலையிலிருந்து பார்த்தால் கீழே வேலி வேலியாக நிலம் தெரியும். அவைதான் கொரங்காடுகள். கிளுவை வேலி, நடுவில் ஆங்காங்கே வெள்வேல் மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். உழாத, விதைக்காத மேய்ச்சல் நிலம், ஆனால் பொட்டல் அல்ல. மழை பொய்த்த ஆண்டிலும் மாட்டைக் காப்பாற்றுவதற்காக எங்கள் முன்னோர் கண்டுபிடித்த முறை. காலையில் படலைத் திறந்து மாட்டை விட்டால் ஆள் காவல் வேண்டாம், அதுவே மேய்ந்துகொள்ளும். இங்கே மேயும் மாட்டைக் கிட்டே நின்று பாருங்கள். காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்பு. ஆறு மாதம் போல ஆனால் சிவப்பு மங்கிச் சாம்பல் நிறம் ஏறும். வளர்ந்த காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்திருக்கும். கொம்பு பின்னால் வளைந்து நுனியில் நெருங்கும். மயிலை, காரி, செவலை என்று நிறத்துக்கு ஒரு பெயர். தோட்டக்காரரிடம் கேட்காமல் வேலிக்குள் போகாதீர்கள். கேட்டால் அவரே கூட்டிப்போய்க் காட்டுவார்.

தை முதல் கோடை வரையிலான மாதங்களில் வந்திருந்தால் ரேக்ளா என்னும் மாட்டுவண்டிப் பந்தயம் எங்கே என்று தேநீர்க் கடையில் விசாரியுங்கள். பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் பக்கம் அடிக்கடி நடக்கும். இங்கே பந்தயம் 200 மீட்டர், 300 மீட்டர். ஒவ்வொரு வண்டியாக ஓடும், கடிகாரம்தான் எதிரி. வண்டி என்றால் இரண்டு சக்கரமும் ஒருவர் நிற்க ஒரு சட்டமும்தான். கோட்டில் நிறுத்தும்போது மாடுகள் முன்னங்காலால் மண்ணைக் கீறும், மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருப்பவர் ஏறக்குறைய தொங்கிக்கொண்டிருப்பார். விட்டதும் ஒரு புழுதிக் கோடு, அவ்வளவுதான், முடிந்துவிடும். 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஜல்லிக்கட்டோடு இதுவும் நின்றது. 2017 போராட்டத்துக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது, 2023இல் நீதிமன்றமும் அதை ஏற்றது. பந்தயம் நின்றிருந்த காலத்தில் நல்ல காளைகள் விலை போகாமல் அடிமாடாகப் போனதை நான் சந்தையில் நின்று பார்த்தேன். அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. மாட்டை அடித்து ஓட்டுபவரைக் கண்டால் எனக்கும் பிடிக்காது, அந்த விதிகளைக் கடுமையாக்கட்டும். பந்தயமே இல்லையென்றால் காளையே மிஞ்சாது. செட்டிபாளையத்தில் கார் பார்த்திருந்தால் இங்கே நிற்கும்போது உங்களுக்கே புரியும், கடிகாரத்தைப் பார்க்கும் முகங்கள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மதியச் சாப்பாட்டுக்குக் காங்கயத்தில் ஒரு மெஸ் பிடியுங்கள். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் பள்ளிபாளையம் சிக்கன் கேளுங்கள். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் உள்ள ஊரின் பெயர் அது. தக்காளி இல்லை, மசாலாப் பொடி இல்லை. விதை உதிர்த்த வரமிளகாய், கைப்பிடி கைப்பிடியாகச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், இவ்வளவுதான். மிளகாயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விதை இல்லாததால் நிறமும் மணமும் தரும், அவ்வளவு காரம் இருக்காது. சைவம் என்றால் அரிசிம்பருப்பு. அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகோடு ஒரே பாத்திரத்தில் வெந்து வரும். குழையவும் கூடாது, உதிரவும் கூடாது. அதன் மேல் ஊத்துக்குளி நெய் ஒரு கரண்டி. கடைகளில் கிடைப்பதைவிட வீடுகளில்தான் இது ருசி. தோழி ஒருத்தி ஊருக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். கொங்கு வீட்டில் விருந்தாளிக்கு ஒரம்பரை என்று பெயர். ஒரம்பரைக்கு இலையில் சோறு தீரத் தீர வந்துகொண்டே இருக்கும். போதும் என்றால் கையால் மறையுங்கள், வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வரலாற்றில் ஆர்வம் இருந்தால் மட்டும் கொடுமணல். சென்னிமலைப் பக்கம், நொய்யலின் வடகரை. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடும் ஊர். அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், பச்சைக்கல், சூதுபவளம், படிகம் ஆகியவற்றில் மணி செய்த பட்டறைத் தடயங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. இன்று அங்கே போனால் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் வயற்காடுதான். அதனால் முதல் பயணத்துக்கு நான் கட்டாயப்படுத்த மாட்டேன். போனால் சென்னிமலையில் நெசவாளர் சங்கக் கடையில் ஒரு போர்வை வாங்கிக்கொள்ளுங்கள், ஈப்போவில் அம்மாவுக்குப் பிடிக்கும்.

மாலை நான்கரைக்குள் காங்கயத்தில் பஸ் ஏறிவிடுங்கள், இருட்டும் முன் சிங்காநல்லூர் வந்துவிடலாம். வண்டியில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பல்லடத்தை நெருங்கும்போது தெற்கே காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும், ஆடியில் போனால் ஒன்றுகூட நிற்காது.